ரெடிங் டெர்மினல் மார்க்கெட்டுக்கு ரெண்டரை மணி நேரம் போதுமா?

நீங்க கேட்டது இதுதான்: நியூயார்க்ல இருந்து வாஷிங்டன் போற வழில பிலடெல்பியால ரெண்டரை மணி நேரம் இறங்கப் போறீங்க, கூட அப்பா அம்மா, அம்மா சுத்த சைவம், போற நாள் ஞாயித்துக்கிழமை. அந்த நேரத்துல "ரீடிங் டெர்மினல் மார்க்கெட்" பாக்கலாமா, இல்ல அது டூரிஸ்டுங்க வந்து சாண்ட்விச் சாப்ட்டுப் போற ஒரு ஃபுட் கோர்ட் தானா, பேசாம லிபர்ட்டி பெல்லை (அமெரிக்க விடுதலையோட அடையாளமா வச்சிருக்கற பழைய மணி) மட்டும் பாத்துட்டு ரயில் ஏறிடலாமான்னு.

போங்க. கண்டிப்பா போங்க. ஆனா நாளை மட்டும் மாத்த முடியுமான்னு பாருங்க, ஞாயித்துக்கிழமை வேணாம், ஏன்னு கீழ சொல்றேன். நான் பதினாலு வருஷமா இந்த ஊருக்குப் பக்கத்துல இருக்கேன், ஊர் சுத்திப் பாக்கறதுக்காக இல்ல, வீட்டுக்குக் காய்கறி வாங்கவே அனேகமா வாரா வாரம் அங்க போறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல பேரு. ஆங்கிலத்துல எழுதியிருக்கறதைப் பாத்தா எல்லாரும் "ரீடிங்"னு தான் படிப்பாங்க, புத்தகம் படிக்கற ரீடிங். அப்படி இல்ல, "ரெடிங்". பென்சில்வேனியாலயே வடமேற்கா ஒரு 60 மைல் தள்ளி ரெடிங்னு ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர் பேர்ல ஒரு ரயில் கம்பெனி இருந்துச்சு, 1833ல ஆரம்பிச்சது, நிலக்கரி ஏத்திப் பெரிய பணம் பாத்தது. மோனோபொலி போர்டுல நாலு ரயில்வே வரும் பாருங்க, அதுல ஒண்ணு இதுதான். அந்தக் கம்பெனி நகரத்து நடுவுல, ரயில் பாதை முடியற எடத்துல கட்டின ஸ்டேஷன் தான் ரெடிங் டெர்மினல். அந்த ஸ்டேஷனுக்கு அடில இருக்கறது தான் மார்க்கெட்.

ஸ்டேஷனுக்கு அடில எதுக்கு மார்க்கெட்னு கேப்பீங்க. எனக்கு இந்த இடத்து மேல இவ்வளவு பாசம் வந்ததுக்குக் காரணமே அந்தக் கதை தான். பிலடெல்பியாவை வில்லியம் பென் 1682ல ஆரம்பிச்ச காலத்துல இருந்தே ஊரோட பெரிய தெரு ஹை ஸ்ட்ரீட், அந்தத் தெரு நடுவுல நீளமா கொட்டகை போட்டு சந்தை நடக்கும், ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சில இருந்து விவசாயிங்க படகுல சரக்கு கொண்டு வருவாங்க. சந்தை எவ்வளவு பெருசாச்சுன்னா கடைசில அந்தத் தெரு பேரே மார்க்கெட் ஸ்ட்ரீட்னு மாறிடுச்சு. ஆனா வேடிக்கை என்னன்னா, பேரு மாறுன கையோட சந்தையைத் தூக்கிட்டாங்க. சுகாதாரம் சரியில்ல, வண்டி போக எடமில்லன்னு சொல்லி 1859ல தெருக் கொட்டகைங்க எல்லாத்தையும் இடிச்சாங்க. வியாபாரிங்க கூரை போட்ட மண்டபங்களுக்குப் போனாங்க, அப்படி 12வது தெருவும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் சேர்ற எடத்துல ரெண்டு மார்க்கெட் உருவாச்சு.

ஒரு முப்பது வருஷம் கழிச்சு ரயில் கம்பெனி அதே எடத்துல ஸ்டேஷன் கட்டணும்னு நிலத்தை வாங்குது. கறிக்கடைக்காரங்களும் விவசாயிங்களும் நாங்க நகர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனி, வேணும்னா துரத்தியிருக்கலாம், ஆனா ஒரு சமரசத்துக்கு வந்தாங்க, மேல ரயில், கீழ மார்க்கெட். ரயில் பாதை ஏற்கனவே தெருவை எல்லாம் தாண்டி உயரமான பாலம் மேல தான் நகரத்துக்குள்ள வர்ற மாதிரி திட்டம், அதனால பிளாட்ஃபாரமே மாடில தான் இருந்தாகணும், அப்போ அடில இருக்கற காலி எடம் மார்க்கெட்டுக்குன்னு ஆச்சு. 1893ல ரெண்டும் தொறந்தது. யோசிச்சுப் பாருங்க, தலைக்கு மேல நீராவி எஞ்சின் வந்து நிக்குது, கீழ ஒருத்தர் மீன் வெட்டிக்கிட்டு இருக்கார்.

அதுக்கும் கீழ இன்னொரு தளம் இருந்துச்சு, பேஸ்மெண்ட்ல பெரிய குளிர் கிடங்கு, 52 தனித்தனி அறை, மொத்தம் அஞ்சு லட்சம் கன அடி. வீட்டுல ஃபிரிட்ஜே இல்லாத காலம் அது. கறி, பழம், முட்டை மட்டும் இல்ல, ஊர்ல இருந்த பீர் கம்பெனிங்க ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) கொண்டு வந்து வைப்பாங்க, ஆஸ்பத்திரிங்க கெட்டுப் போற மருந்தைக் கொண்டு வந்து வைப்பாங்க. இன்னொரு விஷயம் கேட்டா இப்ப ஃபோன்ல ஆர்டர் பண்ற நமக்கே ஆச்சரியமா இருக்கும்: புறநகர்ல இருக்கற வீட்டுக்காரம்மா என்னென்ன வேணும்னு மார்க்கெட்டுக்குச் சொல்லி விட்டா போதும், கடைக்காரங்க ஒரு கூடைல எல்லாத்தையும் போட்டு மாடில நிக்கற ரயில்ல ஏத்தி விடுவாங்க, அவங்க ஊர் ஸ்டேஷன்ல கூடை காத்துக்கிட்டு இருக்கும், போய் எடுத்துக்க வேண்டியது தான். 1913 வாக்குல இங்க 250 உணவு வியாபாரிங்க, அதுக்கு மேல 100 விவசாயிங்க கடை போட்டிருந்தாங்க.

அப்புறம் எறங்குமுகம். நெடுஞ்சாலை வந்துச்சு, சூப்பர்மார்க்கெட் வந்துச்சு, மக்கள் புறநகருக்குப் போனாங்க, 1971ல ரயில் கம்பெனி திவால். கூரை ஒழுகி, பாதிக் கடை காலியா கெடந்த காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. 1984 நவம்பர்ல மேல கடைசி ரயிலும் போயிடுச்சு, ஏன்னா நகரத்துக்கு அடில சுரங்கப்பாதை போட்டு எல்லாப் புறநகர் ரயிலையும் அதுல ஓட்ட ஆரம்பிச்சாங்க. பிறகு பக்கத்துல மாநாடு, கண்காட்சி நடத்தற பெரிய கன்வென்ஷன் சென்டர் கட்டணும்னு வந்தப்போ மார்க்கெட் கதை முடிஞ்சதுன்னு தான் நிறைய பேர் நெனச்சாங்க, ஆனா ஊர் மக்கள் விடல, மார்க்கெட்டைக் காப்பாத்தியே ஆகணும்னு நின்னாங்க. 1993ல கன்வென்ஷன் சென்டர் தொறந்துச்சு, மாடில இருந்த அந்த பிரம்மாண்டமான வளைவுக் கூரை ரயில் ஷெட் இப்போ அதோட பெரிய ஹால், மார்க்கெட் அதே எடத்துல கீழ. இப்போ லாபநோக்கம் இல்லாத ஒரு அமைப்பு தான் நடத்துது.

இப்போ உங்க "ஃபுட் கோர்ட் தானா" கேள்விக்கு வரேன். பாதி நியாயம் இருக்கு. மத்தியானம் பன்னண்டரைக்கு நீங்க உள்ள போனா ஃபுட் கோர்ட் மாதிரி தான் தெரியும், எங்க பாத்தாலும் க்யூ, தட்டோட எடம் தேடற கூட்டம், கன்வென்ஷன் சென்டர்ல கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு எறங்கி வர்ற ஆளுங்க. ஆனா காலைல எட்டரைக்குப் போய்ப் பாருங்க. அது வேற எடம். மீன்கடைல ஐஸ் கொட்டிக்கிட்டு இருப்பாங்க, கறிக்கடைல எலும்பு வெட்டற சத்தம் கேக்கும், காய்கறிக் கடைல ஒரு பாட்டி கீரைக்கட்டை ஒண்ணொண்ணா திருப்பிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, பக்கத்து ஹோட்டல் சமையல்காரர் வெள்ளைக் கோட்டோட வந்து ரெண்டு பெட்டி காளான் தூக்கிட்டுப் போவார். ஊர் ஏழை ஜனங்க அரசாங்க உணவு உதவி அட்டையை வச்சு இங்க நிறைய கடைல சரக்கு வாங்கலாம், வாங்கறாங்க. சமூகவியலாளர் எலைஜா ஆண்டர்சன் பல வருஷம் இங்க உக்காந்து கவனிச்சிருக்கார். கருப்பர் வெள்ளையர் ஏழை பணக்காரர்னு பிரிஞ்சு கெடக்கற ஊர்ல எல்லாரும் ஒருத்தருக்குப் பக்கத்துல ஒருத்தர் சகஜமா உக்காந்து சாப்பிடற எடத்துக்கு உதாரணமா இந்த மார்க்கெட்டைத் தான் அவர் காட்டறார், பெரிய குடை மாதிரி இருக்குன்னு அதுக்கு ஒரு பேரும் வச்சார். நடு ஹால்ல பொதுவா போட்டிருக்கற மேசைல உக்காந்தா அவர் சொன்னது என்னன்னு உங்களுக்கே புரியும், எதிர்ல யார் வந்து உக்காருவாங்கன்னு தெரியாது, "இந்த சீட் காலியா"ன்னு கேட்டுட்டு உக்காருவாங்க, அஞ்சு நிமிஷத்துல உங்க தட்டுல என்னன்னு விசாரிப்பாங்க.

ஒரு மார்க்கெட் ஃபுட் கோர்ட்டா மாறாம இருக்கணும்னா பச்சை சரக்கு விக்கற கடை உயிரோட இருக்கணும், அவ்வளவு தான் விஷயம். சாண்ட்விச் வித்தா லாபம் ஜாஸ்தி, முட்டைக்கோஸ் வித்தா கம்மி. வாடகையை சந்தை போக்குல விட்டா பத்து வருஷத்துல எல்லாமே சாண்ட்விச் கடை ஆயிடும், உலகத்துல எத்தனையோ பழைய மார்க்கெட்டுக்கு அது தான் நடந்துச்சு. இங்க அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பண்ணியிருக்காங்க. பெரிய செயின் கடைங்களுக்கு எடம் கெடையாது, சுமார் 80 கடை, எல்லாம் தனி ஆளுங்களோ குடும்பமோ நடத்தறது. கறி, மீன், காய்கறி விக்கறவங்களுக்கு வாடகைல சலுகை, சமைச்ச சாப்பாடு விக்கறவங்களுக்கு அதிகம். அதனால தான் இன்னும் அங்க போய் ஒரு வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கிட்டு வர முடியுது. அதனால உங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அங்க போனா சாப்பிடறதோட நிறுத்தாதீங்க, வாஷிங்டன் போற வழில தின்ன நாலு ஆப்பிளாவது காய்கறிக் கடைல வாங்குங்க. வாங்கினா தான் கடைக்காரரும் பேசுவார், அந்த எடமும் உங்களுக்குப் புரியும். பென்சில்வேனியால சமைக்காத உணவுப் பொருளுக்கு விற்பனை வரி கெடையாது, அங்கயே சமைச்சுத் தர்றதுக்கு மட்டும் இந்த ஊர்ல 8 சதவீதம் சேரும், பில் பாத்துக் குழம்ப வேணாம்.

சரி, ஏன் ஞாயித்துக்கிழமை வேணாம். மார்க்கெட் என்னவோ தினமும் காலைல 8ல இருந்து சாயங்காலம் 6 வரை தொறந்து தான் இருக்கும். ஆனா 12வது தெரு, ஆர்ச் ஸ்ட்ரீட் முனைப் பக்கமா இருக்கற பென்சில்வேனியா டச்சு கடைங்க ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், அவங்களுக்கு அது சர்ச் நாள், சிலது திங்கக்கிழமையும் இருக்காது. அந்த மூலை இல்லாத மார்க்கெட் பாதி மார்க்கெட் தான். டச்சுன்னு பேரு இருந்தாலும் ஹாலந்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, ஜெர்மன் பேசறவங்களை "டாய்ச்"னு சொல்றது வாயில மருவி டச்சுன்னு ஆயிடுச்சு. ஆமிஷ் மக்கள் இவங்கள்ல ஒரு பிரிவு, மேற்க லங்காஸ்டர் கவுண்டில பண்ணை வச்சிருக்கறவங்க, சொந்தமா கார் வச்சுக்க மாட்டாங்க, யாராவது ஓட்டற வேன்ல விடியக்காலைல கெளம்பி இங்க வந்து கடை தொறப்பாங்க. பொண்ணுங்க தலைல வெள்ளைத் துணித் தொப்பி, கல்யாணமான ஆம்பளைங்களுக்கு மீசை இல்லாத தாடி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அவங்க முகத்தைப் போட்டோ எடுக்காதீங்க, அது அவங்க நம்பிக்கைக்கு ஆகாது. சாமானை எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. கேமராவை நீட்டுன ஒடனே ஒரு சின்னப் பொண்ணு திரும்பி நின்னுக்கிட்டதை நான் பாத்திருக்கேன், அந்த எடத்துல எனக்கே சங்கடமா போச்சு, எடுத்தவருக்கு என்னன்னே புரியல.

அந்த மூலைல அம்மாவுக்கு நிறைய கெடைக்கும். ஆப்பிள் பட்டர்னு ஒண்ணு விப்பாங்க, பேரைப் பாத்து வெண்ணெய்னு நெனச்சுடாதீங்க, வெண்ணெய் ஒரு சொட்டு கெடையாது, ஆப்பிளை மணிக்கணக்கா காய்ச்சி கருஞ்செவப்பா கெட்டியா எறக்கினது, பட்டை கிராம்பு வாசனையோட. ரொட்டில தடவித் தின்னா அவ்வளவு நல்லா இருக்கும். சௌ-சௌன்னு ஒரு ஊறுகாய், பேரைக் கேட்டு நம்ம காயைத் தேடாதீங்க, பீன்ஸ் காலிஃப்ளவர் கேரட் எல்லாம் கலந்து புளிப்பும் இனிப்புமா போட்டது, சில பேருக்குப் பிடிக்கும் சில பேருக்குப் பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷூஃப்ளை பை, கரும்புல சக்கரை எடுத்தப்புறம் மிஞ்சற கறுப்புப் பாகு இருக்கு பாருங்க, அதை வச்சுப் பண்ற பை, அதாவது மாவு ஓட்டுக்குள்ள இனிப்பை வச்சுச் சுடறது. ஆனா அந்த மாவு ஓடு பண்ணும்போது சில எடத்துல பன்னிக் கொழுப்பு சேப்பாங்க, லார்ட்னு பேரு, பழைய முறைப்படி பண்றவங்க அதைத் தான் போடுவாங்க. அதனால அம்மாவுக்கு வாங்கும்போது "லார்ட் இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, "வெஜிடேரியனா"ன்னு மட்டும் கேட்டா கறி இல்லன்ற அர்த்தத்துல ஆமான்னு சொல்லிடுவாங்க, பொய் இல்ல, அவங்க கணக்குல அது கறி இல்ல. பேக்கன் (உப்புல பதப்படுத்தின பன்னிக்கறி) போட்டு வேகவச்ச பீன்ஸ், கறி வேகவச்ச தண்ணில பண்ண சூப் இதுக்கும் அதே எச்சரிக்கை.

மில்லர்ஸ் ட்விஸ்ட்னு ஒரு கடை இருக்கு, மென்மையான ப்ரெட்செல் போடறவங்க. மாவைக் கயிறு மாதிரி உருட்டி ஒரே வீச்சுல முடிச்சுப் போடறதைக் கண்ணு முன்னாடியே பாக்கலாம், அடுப்புல இருந்து வந்ததும் உருக்கின வெண்ணெய்ல முக்கித் தருவாங்க. சூடா, அங்கயே நின்னு சாப்பிடணும், பார்சல் வாங்கினா அரை மணி நேரத்துல ரப்பர். அம்மாவுக்கு இதைவிட நிம்மதியான சாப்பாடு அங்க இல்ல. டச் ஈட்டிங் பிளேஸ்னு ஒரு கடைல கவுண்டர் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்கார வச்சு ஆப்பிள் டம்ப்ளிங் தருவாங்க, முழு ஆப்பிளை மாவுல பொதிஞ்சு சுட்டு மேல க்ரீம் ஊத்தி. ப்ளூபெரி பேன்கேக்கும் உண்டு, ஆனா கல்லுல பக்கத்துல பேக்கனும் வேகலாம், அம்மா அதெல்லாம் பாப்பாங்கன்னா கேட்டுக்கோங்க இல்ல டம்ப்ளிங்கோட விட்டுடுங்க. பெய்லர்ஸ்ல டோனட் வாங்கறதுக்கு எப்பவும் வரிசை நிக்கும், ஆனா வரிசை வேகமா நகரும், பயப்பட வேணாம்.

டச்சு மூலையை விட்டு வெளில வந்தா பாஸெட்ஸ் ஐஸ்கிரீம். இதை விடாதீங்க. 1861ல நியூ ஜெர்சில சேலம்ன்ற எடத்துல ஒரு வாத்தியார், லூயிஸ் டுபோய் பாஸெட், கோவேறு கழுதையை விட்டுச் சுத்த வச்சு ஐஸ்கிரீம் கடைய ஆரம்பிச்சார். 1893ல மார்க்கெட் தொறந்தப்பவே இங்க கடை போட்டாங்க, இன்னிக்கும் அதே குடும்பம், அதே பழைய மார்பிள் கவுண்டர். தொறந்த நாள்ல இருந்து இருக்கற ஒரே கடை இதுதான். 1959ல சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்கா வந்தப்போ அவருக்குன்னு பீட்ரூட் போர்ஷ்ட் சூப் ருசில ஷெர்பட் பண்ணி அனுப்பினவங்க. பிலடெல்பியா ஸ்டைல் ஐஸ்கிரீம்னாலே முட்டை மஞ்சக்கரு சேக்காம பாலும் க்ரீமும் சக்கரையும் வச்சுப் பண்றது தான் வழக்கம், ஆனாலும் ஒவ்வொரு வகைக்கும் கலவை மாறும், முட்டை ஆகாதுன்னா எதுல இல்லன்னு கேளுங்க. வெனிலாவே வாங்குங்க, வேற எதுவும் வேணாம்னு தோணும்.

அப்பா அசைவம்னு எடுத்துக்கறேன். அவருக்கு சீஸ்ஸ்டேக் (மெல்லிசா வெட்டின மாட்டுக்கறியும் சீஸும் வச்ச சாண்ட்விச்) வாங்கித் தரணும்னு தான் எல்லாரும் நெனப்பாங்க. என் அபிப்பிராயம் வேற, இந்த ஊரோட உண்மையான சாண்ட்விச் ரோஸ்ட் போர்க் தான், டினிக்ஸ் கடைல, கசப்புக் கீரை மாதிரி இருக்கற ப்ராக்கலி ராபும் காரமான பழைய ப்ரொவலோன் சீஸும் வச்சு. அந்தக் கசப்பு தான் அதுக்கு உயிர். 2012ல ட்ராவல் சேனல்ல நடந்த ஒரு போட்டில அமெரிக்காவோட சிறந்த சாண்ட்விச்னு அதைத் தேர்ந்தெடுத்தாங்க, அதுல இருந்து வரிசை கொறஞ்சதே இல்ல. மத்தியானம் போனா உங்க ரெண்டரை மணில முக்கால் மணி அங்கயே போயிடும், பத்தரை பதினோரு மணிக்கு முடிச்சுடுங்க. பன்னிக்கறி சாப்பிட மாட்டார்னா கவலைப்படாதீங்க, வேற கறி வச்சதும் உண்டு. எல்லாரும் சேந்து இனிப்பு சாப்பிடணும்னா டெர்மினி ப்ரதர்ஸ், சிசிலில இருந்து வந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் தெற்கு பிலடெல்பியால 1921ல ஆரம்பிச்ச பேக்கரி, கனோலியை (பொரிச்ச மாவுக் குழல்) நீங்க கேட்டப்புறம் தான் ரிக்கோட்டா சீஸ் அடைச்சுத் தருவாங்க, முன்னாடியே அடைச்சு வச்சா ஓடு நமுத்துடும், அது அவங்களுக்கு மானப் பிரச்சனை.

நேரத்தை எப்படிப் பிரிக்கறதுன்னா, மொதல் அரை மணி நேரம் எதுவும் வாங்காம சும்மா நடங்க. உள்ள பாதையெல்லாம் கட்டம் கட்டமா தான் போகும், தொலைய மாட்டீங்க, ஆனா தலைக்கு மேல நியான் போர்டுங்க, ரெண்டு பக்கமும் கடைங்க, மொதல் தடவை வர்றவங்களுக்குக் கண்ணு எங்க நிக்கறதுன்னே தெரியாது. பசியோட நுழைஞ்சு மொதல் கடைலயே வயிறு ரொம்பச் சாப்ட்டுட்டு அப்புறம் ஒண்ணும் பாக்க முடியாம உக்காந்துடறவங்க தான் நிறைய. ஐயோவின் பிரதர்ஸ் காய்கறிக் கடையைப் பாருங்க, சின்ன எடத்துல எத்தனை வகை அடுக்கியிருக்காங்கன்னு, அம்மா அங்க இருந்து வர மாட்டாங்க பாருங்க, என் அம்மா வந்தப்போ காளான் வகையை மட்டும் கால் மணி நேரம் பாத்தாங்க. ஹெட் நட்னு ஒரு கடைல மசாலாவும் பருப்பு வகையும் கண்ணாடி ஜாடில அடுக்கியிருக்கும். 

அப்பா அம்மாவுக்கு நடக்கறது கஷ்டம்னா கவலை இல்ல, எல்லாமே தெரு மட்டத்துல ஒரே தளம், படிக்கட்டு ஏறி எறங்க வேண்டியதில்ல, பாத்ரூம் உள்ளயே இருக்கு. உக்கார எடம் தான் சிக்கல், பதினொன்னரைல இருந்து ரெண்டு மணி வரை காலி நாற்காலி கெடைக்காது. வெங்கலத்துல ஒரு பெரிய பன்னி உண்டியல் நிக்கும், பக்கத்துத் தெரு ஃபில்பெர்ட் பேரை வச்சு ஃபில்பெர்ட்னே கூப்பிடுவாங்க, போடற காசு நல்ல காரியத்துக்குப் போகுது, யாராவது தொலைஞ்சா "பன்னி கிட்ட வா"ன்னு சொல்லி வச்சுக்கோங்க, ஊர்க்காரங்க எல்லாரும் அப்படித் தான் பண்றோம். கையில கொஞ்சம் டாலர் நோட்டு வச்சுக்கோங்க, எல்லாக் கடைலயும் கார்டு ஓடும்னு நம்ப வேணாம். அப்புறம் கன்வென்ஷன் சென்டர்ல அன்னிக்கு என்ன நடக்குதுன்னு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, மலர்க் கண்காட்சி நடக்கற வாரத்துல மார்க்கெட்டுக்குள்ள நகரக் கூட முடியாது. வான்கோழி சமைச்சுக் கொண்டாடற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாளும் அப்படியே, ஆர்டர் பண்ண வான்கோழி எடுக்க ஊரே வந்து நிக்கும், ஊர்க்காரனுக்கு அது திருவிழா, பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு வேணாம்.

லிபர்ட்டி பெல் கிழக்க ஒரு கால் மணி நேர நடை. ரெண்டையும் ரெண்டரை மணில அடைக்க முடியும், ஆனா அங்க பாதுகாப்பு சோதனைக்கு வரிசை இருக்கும், அதை நம்பித் திட்டம் போட முடியாது. என்னைக் கேட்டா லிபர்ட்டி பெல்லை அடுத்த தடவைக்கு வைங்க. மேற்க ரெண்டு தெரு தள்ளி சிட்டி ஹால் கோபுரமும் அது உச்சில வில்லியம் பென் சிலையும் நடக்கும்போதே தெரியும், அது போதும்.

வழி சொல்லிடறேன். ஊருக்கு ஊர் போற ஆம்ட்ராக் ரயில் உங்களை 30வது தெரு ஸ்டேஷன்ல எறக்கி விடும். அங்கயே மேல போய் செப்டா புறநகர் ரயில்ல நகரத்துப் பக்கமா போற அனேகமா எதுல வேணாலும் ஏறுங்க, ரெண்டாவது நிறுத்தம் ஜெஃபர்சன் ஸ்டேஷன், எறங்கி 12வது தெருப் பக்கமா வெளில வந்தா மார்க்கெட் தான். காலைல 9 மணிக்குள்ள வந்து சேர்ற மாதிரி ரயில் புக் பண்ணுங்க, சனிக்கிழமையை விட செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள் கெடைச்சா ரொம்ப நல்லது. திரும்பும்போது அப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, 1984ல மாடில நின்னு போன ரயிலுக்குப் பதிலா வந்தது தான் இப்போ நீங்க ஏறப் போற இந்த அடித்தள ரயில், அதே புறநகர் ஊர்களுக்குத் தான் போகுது. அந்தக் காலத்துல கூடை மட்டும் தனியா போச்சு, நீங்க ஆப்பிளையும் ஆப்பிள் பட்டர் ஜாடியையும் மடில வச்சுக்கிட்டுப் போவீங்க. ஜாடி மூடி இறுக்கமா இருக்கான்னு மட்டும் ஏறறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.